தில்லியில் எங்கே தங்குவது?

வெளியூர்ப் பயணம் பற்றிப் பேச்சு வந்தால் நம்மவர்கள் தவறாமல் சொல்லும் வாக்கியம் ஒன்று உண்டு. "அறை எப்படி இருந்தால் என்ன, ராத்திரி போய்ப் படுப்பதற்குத்தானே?" சிக்கனமும் கொஞ்சம் துறவும் கலந்து ஒலிப்பதால் இதை மறுத்துப் பேசுவது கடினம். மறுப்பவன் சொகுசுப் பிரியன் என்று பெயர் வாங்கிக்கொள்ள நேரும். எனினும் மறுக்கத்தான் வேண்டியிருக்கிறது. சின்ன ஊர்களுக்கு அந்த வாக்கியம் பொருந்தலாம். தலைநகரங்களுக்கு, அதிலும் தில்லிக்கு, அது சற்றும் பொருந்தாது என்பது என் கட்சி. தில்லியில் எந்தத் தெருவில் அறை எடுக்கிறோம் என்பதே எந்தத் தில்லியைப் பார்க்கப் போகிறோம் என்பதைத் தீர்மானித்துவிடுகிறது. அறையின் தரத்தைப் பற்றியோ மெத்தையின் கனத்தைப் பற்றியோ நான் பேசவில்லை. காலையில் விடுதியின் வாசற்படியை விட்டு இறங்கியதும் கால் எங்கே படுகிறது என்பதைப் பற்றிப் பேசுகிறேன்.

தில்லி ஓர் ஊரல்ல என்பது எல்லாரும் சொல்லிச் சலித்த செய்தி. தெற்கே மெஹ்ரோலியில் லால் கோட். பிறகு சிரி, துக்ளக்காபாத், ஜஹான்பனா, பிரோஸாபாத், யமுனைக் கரையில் பழைய கோட்டை, அப்புறம் ஷாஜஹானாபாத் என்று ஏழு நகரங்களை எண்ணுவது வழக்கம். வேறு கணக்குகளும் உண்டு. எட்டாவதாக வெள்ளைக்காரன் கட்டிய புது தில்லி. ஒவ்வொருவனும் முந்தியவன் ஊரின் மேலேயே கட்டாமல் சற்றுத் தள்ளிப்போய்க் கட்டியதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. மதுரையிலோ காஞ்சியிலோ பழையதும் புதியதும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கிடக்கின்றன. தில்லியிலோ பக்கத்தில் பக்கத்தில் பரப்பிக் கிடக்கின்றன. செங்கோட்டையிலிருந்து குதுப் மினாருக்குச் சுமார் 20 கிலோமீட்டர். இரண்டுக்கும் இடையே நானூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறும், வேலை நாட்களில் அதைவிட நீளமாகத் தோன்றும் போக்குவரத்து நெரிசலும் இருக்கின்றன.

இந்தப் பரப்பை ஒரே நாளில் காட்டிவிடுவதாகச் சொல்லும் பேருந்துகள் ஊரில் பல உண்டு. பிர்லா மந்திரில் ஆரம்பித்து, குடியரசுத் தலைவர் மாளிகையை ஜன்னல் வழியாகக் காட்டி, இந்தியா கேட்டில் பத்து நிமிடம் இறக்கிவிட்டு, இந்திரா காந்தி நினைவகம், தாமரைக் கோவில், குதுப் மினார், ராஜ் காட், செங்கோட்டை என்று இருட்டும் வரை ஓட்டுவார்கள். மாலையில் வண்டியிலிருந்து இறங்கும் பயணியிடம் எதைப் பார்த்தீர்கள் என்று கேட்டால் செருப்புக் கழற்றிவைத்த இடங்களை வரிசையாகச் சொல்வார். நான் கேலி செய்யவில்லை. வாழ்நாளில் ஒரே ஒருமுறை தில்லிக்கு வரும் வயதானவர்களுக்கு அந்தப் பேருந்து ஒரு வரம்தான். ஆனால் மூன்று நான்கு நாள் அவகாசமும் புத்தக வாசனையும் உள்ளவர்கள்கூட அதே பேருந்தின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, அதே வரிசையை வாடகைக் காரில் செய்வதைப் பார்க்கும்போதுதான் வருத்தமாக இருக்கிறது.

தில்லியின் நல்ல நேரங்கள் இரண்டுதான். விடியலை ஒட்டிய இரண்டு மணி நேரம், அந்தியை ஒட்டிய இரண்டு மணி நேரம். ஏப்ரலிலிருந்து ஜூன் வரை வெயில் இதைக் கட்டளையாகவே பிறப்பிக்கிறது. பகல் பதினோரு மணிக்குச் சிவப்புக் கல் தரையில் செருப்பில்லாமல் நின்று பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. குளிர்காலத்திலும் அப்படித்தான். டிசம்பர் கடைசியில் மூடுபனி விலகி வெயில் ஏறும் நேரத்தில் ஹுமாயூன் சமாதியின் சிவப்பும் வெள்ளையும் கொஞ்சம் கொஞ்சமாகத் துலங்கி வருவதைப் பார்ப்பதற்கும், நடுப்பகலில் பள்ளிக்கூடச் சுற்றுலாக் கூட்டத்தின் நடுவே அதைப் பார்ப்பதற்கும் சம்பந்தமே கிடையாது. இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். ஊருக்கு வெளியே மலிவாக அறை எடுத்தவர் காலை எழுந்து, சேர்த்துக் கொடுக்கிறார்களே என்று பூரியும் உருளைக்கிழங்கும் சாப்பிட்டு, கார் வரவழைத்துப் புறப்படும்போது மணி ஒன்பதரை. போய்ச் சேரும்போது பதினொன்று. மாலையில் நெரிசலுக்கு முன்னால் திரும்ப வேண்டும் என்று நான்கு மணிக்கே கிளம்பிவிடுவார். அவருக்குக் கிடைத்தது தில்லியின் மட்டமான நான்கு மணி நேரம். படுக்கத்தானே அறை என்று அவர் மிச்சம் பிடித்த பணத்தின் விலை அதுதான்.

நம்மவர்கள் தில்லியில் அறை தேடுவதற்கு மூன்று அளவுகோல்கள் உண்டு. ஒன்று நட்சத்திரம். இரண்டாவது விமான நிலையத்துக்குப் பக்கம். மூன்றாவதுதான் முக்கியமானது. காலையில் இட்லி கிடைக்குமா?

மூன்றாவது அளவுகோல்தான் தலைமுறை தலைமுறையாகத் தமிழர்களைக் கரோல் பாக்கில் கொண்டு சேர்த்தது. அதற்கு நியாயமான வரலாறு உண்டு. மத்திய அரசு வேலைக்கு வந்த தமிழர்கள் அங்கே குடியிருந்தார்கள். அவர்களை நம்பி மெஸ்கள் வந்தன. மெஸ்களை நம்பிப் பயணிகள் வந்தார்கள். தமிழ் இலக்கிய வாசகனுக்கும் தில்லி முதலில் இந்த வழியாகத்தான் அறிமுகமாகிறது. இந்திரா பார்த்தசாரதியின் 'தந்திர பூமி'யையும் ஆதவனின் 'காகித மலர்க'ளையும் படித்துவிட்டுத் தில்லிக்குப் போகிறவனுக்கு அந்த ஊர் அலுவலகமும் அதிகாரமும் வரவேற்பறைப் பேச்சும் கலந்த ஊராகவே மனத்தில் பதிந்திருக்கும். க.நா.சு.வும் தி.ஜானகிராமனும் வெங்கட் சாமிநாதனும் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்த ஊர் அது. ஆனால் இவர்கள் யாரும் சுற்றிப் பார்க்க வந்தவர்களல்ல. பிழைப்புக்காக வந்து ஊரோடு உறவும் பிணக்கும் கொண்டவர்கள். அங்கேயே வாழ்கிறவனுக்குக் கரோல் பாக் சரி. நான்கு நாளைக்கு வருகிறவன் அங்கே தங்கினால் அவனுக்குக் கிடைப்பது மாம்பலத்தின் ஒரு வடக்கத்திய பதிப்பு. நிஜாமுதீன் அவுலியாவின் வாக்காகப் பாரசீகத்தில் ஒரு சொலவடை வழங்குகிறது. சுல்தான் கியாஸுதீன் துக்ளக் தம்மைத் தண்டிக்க வந்துகொண்டிருக்கிறார் என்று கேள்விப்பட்டபோது 'தில்லி இன்னும் தூரம்தான்' என்றாராம். சுல்தான் 1325இல் ஊருக்குள் நுழையுமுன் பந்தல் மண்டபம் சரிந்து இறந்தார். கரோல் பாக்கில் இட்லிக்குக் காத்திருப்பவரைப் பார்க்கும்போது எனக்கு அந்தச் சொலவடைதான் நினைவுக்கு வரும்.

வழிப்போக்கனை எங்கே தங்கவைப்பது என்ற கேள்வியைத் தில்லி ஒரு காலத்தில் வெகு தீவிரமாக எடுத்துக்கொண்டிருந்தது. ஷாஜஹானின் மகள் ஜஹனாரா 1650ஆம் ஆண்டு வாக்கில் சாந்தினி சௌக்கை அமைத்தபோது, கடைத்தெருவோடும் நடுவே ஓடிய கால்வாயோடும் நிறுத்தவில்லை. தெருவின் வடபுறத்தில் தோட்டமும், பெரியதொரு சராயும் கட்டினாள். சராய் என்றால் நம் சத்திரம் போன்றது. ஆனால் சாப்பாடு போடும் தருமம் அதில் முதன்மையில்லை, காவலும் கதவும்தான் முதன்மை. பிரெஞ்சு மருத்துவர் பெர்னியர் 1663இல் தில்லியிலிருந்து எழுதிய நீண்ட கடிதத்தில் இந்தச் சராயைப் பற்றிச் சொல்கிறார். வளைவுகள் கொண்ட சதுரக் கட்டடம், மாடியிலும் அறைகள், பாரசீகத்திலிருந்தும் உஸ்பெக் நாட்டிலிருந்தும் வரும் செல்வ வணிகர்கள் கூடும் இடம், இரவில் வாயிற்கதவு சாத்தப்படுவதால் பயமில்லாத தூக்கம். இத்தகைய கட்டடங்கள் பாரிஸில் இருபது இருந்தால் புதிதாக வருகிற அயலார் நல்ல இடம் தேடித் தவிக்க வேண்டியிராது என்பது அவர் ஏக்கம். தில்லியைப் பற்றி எத்தனையோ குறைகள் எழுதிய மனிதர் அவர். அவர் பாரிஸுக்குப் பரிந்துரைத்த சில காரியங்களில் ஒன்று ஒரு தங்கும் விடுதி என்பது எனக்கு மிகவும் பிடித்த தகவல்.

அந்தச் சராய் இன்று இல்லை. 1857 கிளர்ச்சி அடங்கியபின் ஆங்கிலேயர் இடித்தவற்றில் அதுவும் ஒன்று. அந்த இடத்தில் 1860களில் நகர மண்டபம் எழும்பியது. மஞ்சள் நிறத்தில் புறாக்கள் சூழ இன்றும் நிற்பது அதுதான். வணிகனும் யாத்ரிகனும் படுத்துறங்கிய இடத்தில் வரி வசூலிப்பவர்கள் வந்து உட்கார்ந்தார்கள் என்று சொல்லத் தோன்றும். கொஞ்சம் மிகையென்றாலும் பொய்யல்ல. ஆனால் சராய்கள் ஊர்ப்பெயர்களில் ஒளிந்துகொண்டன. சராய் காலே கான், சராய் ரோஹில்லா, யூசுப் சராய், லாடோ சராய், பேர் சராய், கட்வாரியா சராய், ஜியா சராய், நேப் சராய். மெட்ரோ வரைபடத்தையும் பேருந்துப் பலகைகளையும் வாசித்துக்கொண்டு போனால், இந்த மாநகரின் பாதி வழிப்போக்கர்கள் தலைசாய்த்த இடங்களால் ஆனது போலத் தோன்றும். நம் ஊர்களில் சத்திரம் என்று முடியும் பெயர்களும், ராணி மங்கம்மாளும் தஞ்சை மராட்டியரும் நெடுஞ்சாலைகளில் கட்டிவைத்த சத்திரங்களும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை. சத்திரம் கட்டியவர்கள் ஒரு விஷயத்தில் தெளிவாக இருந்தார்கள். வழிப்போக்கன் போக வேண்டிய இடத்துக்கு அருகில், அவன் நடந்து களைக்கும் தூரத்தில், அதை வைத்தார்கள். இன்று இணையத்தில் அறை தேடும் நமக்கு அந்த எளிய அறிவு கைவிட்டுப்போய்விட்டது.

ஆகவே முதலில் இடத்தைத் தேர்ந்தெடுங்கள், பிறகு விடுதியை. எந்த ஓர் இடத்தைக் காலையும் மாலையும் பார்க்க ஆசையோ அதற்கு நடந்துபோகும் தூரத்தில் அறை எடுங்கள். மற்றவற்றில் பாதியை விட்டுவிடுங்கள். இந்த 'விட்டுவிடுதல்' நம்மவர்களுக்கு எளிதில் வராது. இவ்வளவு செலவு செய்து வந்து குதுப் மினாரைப் பார்க்காமல் போவதா என்பார்கள். அதற்கு இப்போது அவசியமில்லை. 2002 டிசம்பரில் தொடங்கிய தில்லி மெட்ரோவின் மஞ்சள் தடம் சாந்தினி சௌக்கைத் தொட்டு, ராஜீவ் சௌக்கையும் மத்தியச் செயலகத்தையும் கடந்து, குதுப் மினார் நிலையம் வழியாகப் போகிறது. ஷாஜஹானாபாத்தையும் லட்யன்ஸின் தில்லியையும் லால் கோட்டையும் ஒரே ரயிலில் கோத்திருக்கிறார்கள். தூரத்தில் இருப்பதற்கு மெட்ரோ இருக்கிறது. பக்கத்தில் இருப்பதற்குத்தான் அறை.

பழைய தில்லியில் தங்குவதை எல்லாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். ஆனால் ஒருமுறையாவது தங்கியவர்களுக்கு அந்த ஊரைப் பற்றிய எண்ணம் மாறிவிடும். பதேபுரி மசூதிக்கு அருகே ஒரு சந்தில், மூன்றாம் மாடியில், ஒரு மேசையும் பழைய கீசரும் மட்டுமே உள்ள அறையில் இரண்டு இரவுகள் தங்கியிருக்கிறேன். கீழே மசாலாச் சந்தையான காரி பாவ்லி. விடியற்காலை ஐந்து மணிக்கு மிளகாய் மூட்டைகளை ஏற்றிய கைவண்டிகள் வரும்போது, அறைக்குள் படுத்திருக்கும் நமக்குத் தும்மல் வரும். எழுந்து கீழிறங்கினால் சாந்தினி சௌக் காலியாகக் கிடக்கிறது. பகலில் ஆயிரம் தலைகளுக்கு மேலாக எட்டிப் பார்க்க வேண்டிய தெரு, அந்த நேரத்தில் ஒரு முனையில் மசூதியும் மறுமுனையில் கோட்டையுமாக ஒரே நேர்க்கோடாகத் தெரிகிறது. ஜஹனாரா என்ன நினைத்து அதை வரைந்தாள் என்பது அப்போதுதான் புரிகிறது. நடந்தால் இருபது இருபத்தைந்து நிமிடம். வழியில் குரு தேக் பகதூர் 1675இல் தலை கொய்யப்பட்ட இடத்தில் எழுந்த சீஸ்கஞ்ச் குருத்வாராவில் விடியற்காலைக் கீர்த்தனம். கோட்டைக்கு எதிரே லால் மந்திர் என்னும் சமணக் கோவிலும் அதன் பறவை மருத்துவமனையும். அதை ஒட்டிக் கௌரி சங்கர் கோவில். 2021இலிருந்து காலை ஒன்பது முதல் இரவு ஒன்பது வரை அந்தச் சாலையில் மோட்டார் வண்டிகளுக்குத் தடை உண்டு என்பதால் பகல் நடையும் முன்னைவிடச் சகிக்கும்படி இருக்கிறது. ஆனால் அதே காரணத்தால் பெட்டியோடு வருகிறவர் அறைவரை காரில் போய் இறங்க முடியாது. சைக்கிள் ரிக்‌ஷாவோ சொந்தக் காலோதான்.

புது தில்லியைப் பற்றி எனக்கு இரட்டை மனம். 1911 டிசம்பர் 12 அன்று, நகருக்கு வடக்கே கூடாரங்களாலான ஒரு தற்காலிக நகரில், ஐந்தாம் ஜார்ஜ் தலைநகரை கல்கத்தாவிலிருந்து மாற்றுவதாக அறிவித்தார். மூன்று நாள் கழித்து அங்கேயே அடிக்கல்லும் நாட்டினார். பிறகு அந்த இடம் சரிப்படாது என்று முடிவாகி, கற்களைச் சத்தமில்லாமல் பெயர்த்து ரெய்சினா குன்றுக்குக் கொண்டுபோனார்கள். ஒரு தலைநகரத்தின் அடிக்கல்லே அறை மாற்றிக்கொண்டு போயிருக்கிறது! 1931 பிப்ரவரியில் நகரம் திறக்கப்பட்டது. பதினாறே ஆண்டுகளில் கட்டியவர்கள் பெட்டி கட்டினார்கள். அந்த அரசரின் சிலைகூட இந்தியா கேட் அருகிலிருந்த மண்டபத்தை விட்டு 1960களில் அப்புறப்படுத்தப்பட்டு, அவர் அறிவிப்புச் செய்த அதே தர்பார் மைதானத்துப் பூங்காவில் போய் நிற்கிறது. காலியாக நின்ற மண்டபத்தில் 2022இல் சுபாஷ் சந்திர போஸின் சிலை வந்தது. அதே ஆண்டில் ராஜபாதை கர்த்தவ்ய பாதை ஆனது. பெயர்களும் சிலைகளும் மாறிக்கொண்டிருக்கின்றன, பாதையின் அகலம் மட்டும் மாறவில்லை. மனிதனைச் சிறியவனாக உணரவைக்கக் கட்டிய அகலம் அது. அரசுகள் எதுவும் அதைக் குறைக்க விரும்பியதாகத் தெரியவில்லை.

இந்தப் பகுதியைக் காரில் பார்ப்பது வீண். லட்யன்ஸுக்கும் பேக்கருக்கும் இடையே வந்த பெரிய சண்டையே ஒரு சரிவைப் பற்றியது. கீழேயிருந்து ஏறி வருகிறவனுக்கு, இரு செயலகங்களுக்கும் நடுவிலுள்ள ஏற்றத்தில், மாளிகை கண்ணிலிருந்து மறைந்துபோய்க் கும்பம் மட்டும் மிஞ்சும். லட்யன்ஸ் அதைக் கடைசிவரை மன்னிக்கவில்லை. விஜய் சௌக்கை நோக்கி, காவலர்கள் விடும் தூரம்வரை, நடந்தே போனால்தான் அந்தப் பிழை தெரியும். சாம்ராஜ்யத்தின் ஆணவம் ஒரு சரிவுக் கணக்கில் தடுக்கி விழுந்ததைக் கண்ணால் பார்ப்பது சின்ன சந்தோஷமல்ல. ஆனால் அதற்காக அங்கே தங்க வேண்டியதில்லை. அது இரவில் ஆளற்றுப்போகும் பகுதி. பங்களாக்களின் மதில்களும் காவல் கூண்டுகளும்தான் துணை. ஒரு மாலை போதும். பசித்தால் அசோகா சாலையில் ஆந்திர பவன் உணவகம் இருக்கிறது, நம் நாக்குக்குச் சோறும் பருப்புப் பொடியும் அங்கே கிடைக்கும். கரோல் பாக்கில் தங்குவதற்கான கடைசி நியாயமும் இதோடு தீர்ந்துபோகிறது என்று நினைக்கிறேன்.

என்னைக் கேட்டால் நிஜாமுதீனில் தங்குங்கள் என்பேன். இதில் ஒரு வேடிக்கை உண்டு. கன்னியாகுமரியிலிருந்து புறப்படும் திருக்குறள் எக்ஸ்பிரஸும் மதுரையிலிருந்து வரும் சம்பர்க் கிராந்தியும் வந்து நிற்கும் இடமே ஹஸ்ரத் நிஜாமுதீன் ரயில் நிலையம்தான். இரண்டு இரவுப் பயணத்துக்குப் பிறகு தமிழர்கள் அங்கே மொத்தமாக இறங்குகிறார்கள். இறங்கியதும் ஆட்டோ பிடித்து அவசர அவசரமாக ஊரின் மறுபக்கத்துக்குப் போகிறார்கள். அவர்கள் முதுகுக்குப் பின்னால், நடந்துபோகும் தொலைவில், தில்லியின் அறுநூறு எழுநூறு ஆண்டுகள் குவிந்து கிடக்கின்றன. திருக்குறள் பெயர் கொண்ட ரயிலில் வந்தவர் முதலில் போய்ப் பார்க்க வேண்டியது, மதுரா சாலை ஓரத்தில் தன் மனைவிக்காகக் கட்டிய சமாதியிலேயே தானும் உறங்கும் அப்துர் ரஹீம் கான்-இ-கானானை. அக்பரின் தளபதிகளில் ஒருவர். இந்தி உலகம் இன்றும் மனப்பாடமாகச் சொல்லும் இரண்டடி நீதிப் பாக்களை எழுதியவர். அவருடைய சமாதியின் சலவைக் கற்களைப் பிற்காலத்தில் பெயர்த்தெடுத்து ஸப்தர்ஜங் சமாதி கட்டப் பயன்படுத்தினார்கள். உரிக்கப்பட்ட அந்தக் கும்பத்தை வெகுகாலம் அப்படியே விட்டிருந்தார்கள். அண்மையில் நல்ல முறையில் செப்பனிட்டு, 2020இல் திறந்தார்கள்.

அங்கிருந்து சற்று வடக்கே ஹுமாயூன் சமாதி. ஹாஜி பேகம் என்று அறியப்பட்ட அவர் மனைவி எழுப்பியது, 1572 வாக்கில் முடிந்தது, தாஜ்மகாலுக்கு முன்னோடி என்பதெல்லாம் பலகையிலேயே இருக்கும். பலகை அவ்வளவாகச் சொல்லாதது அங்கே அடைக்கலம் தேடியவர்களை. 1857 செப்டம்பரில் கடைசி முகலாயரான பகதூர் ஷா ஜஃபர் இந்தச் சமாதியில்தான் ஒளிந்திருந்து பிடிபட்டார். 1947இல் உயிருக்கு அஞ்சி ஓடிவந்த முஸ்லிம் குடும்பங்கள் இந்தப் புல்வெளியிலும் பழைய கோட்டையிலும் பாகிஸ்தானுக்கு வண்டி ஏறக் காத்திருந்தன. ஒரு சமாதி எத்தனை தடவை சத்திரமாக இருந்திருக்கிறது! வளாகத்துக்குள்ளேயே 'அரபு சராய்' என்று ஒரு வாயில் நிற்கிறது. ஹாஜி பேகம் மக்காவிலிருந்து அழைத்துவந்த அரபு மார்க்க அறிஞர்களுக்கு என்று சிலரும், சமாதி கட்ட வந்த கைவினைஞர்களுக்கு என்று சிலரும் சொல்வார்கள். யார் தங்கினாலும், வேலை நடக்கும் இடத்துக்கு ஒட்டியே தங்கியிருக்கிறார்கள். ஹுமாயூன் சமாதி சூரியோதயத்திலேயே திறந்துவிடுகிறது. பக்கத்தில் தங்கியிருப்பவர் கதவு திறக்கும்போது உள்ளே போகலாம். ஊர்ப் பேருந்துகள் வருவதற்குள் வெளியே வந்து டீ குடிக்கலாம்.

சாலையின் மேற்கே தர்காவின் குடியிருப்பு. அதைச் சுத்தமான இடம் என்று சொல்ல மாட்டேன். ரோஜா இதழ்களும் கபாப் புகையும் சாக்கடையும் ஒரே சந்தில் கலந்து வரும். ஆனால் வியாழன் மாலை கவ்வாலி கேட்டுவிட்டு, இரவு பத்து மணிக்குக் காரைத் தேடி அலையாமல், நடந்தே அறைக்குத் திரும்ப முடிவது பெரிய பாக்கியம். நிஜாமுதீன் அவுலியா 1325இல் மறைந்தார். அவர் சீடரான கவி அமீர் குஸ்ரோ அதே ஆண்டில் பின்தொடர்ந்தார். இருவரும் ஒரே முற்றத்தின் இரு பக்கங்களில். சந்தின் முனையில் காலிப்பின் சமாதி, பெரும்பாலும் ஆளில்லாமல். அவுலியாவின் சமாதிக்கு அருகே, சலவைக்கல் தட்டி சூழ்ந்த சிறிய அடைப்புக்குள், 1681இல் மறைந்த ஜஹனாராவின் கல்லறை. ஷாஜஹானின் மகள், அந்நாளின் பெருஞ்செல்வப் பெண்களில் ஒருத்தி, ஊரார் அனைவருக்கும் கூரை போட்டவள், தன் தலைக்கு மேல் கூரை வைக்கவில்லை. கல்லறையின் மேல்பகுதி குழிந்து மண்ணும் புல்லுமாக இருக்கிறது. தர்காவுக்கு வரும் கூட்டத்தில் பெரும்பாலோர் அதைக் கவனிக்காமலே கடந்து போகிறார்கள்.

இதற்கெல்லாம் மறுப்புகள் உண்டு, நியாயமானவையே. வயதான பெற்றோரோடு வருகிறவர்கள் மூன்றாம் மாடி அறையையும் ரிக்‌ஷாவையும் நினைத்துப் பார்க்க முடியாது. அவர்கள் கன்னாட் பிளேஸ் சுற்றுவட்டத்தில், மின்தூக்கி உள்ள விடுதியில், மெட்ரோ நிலையத்துக்குப் பக்கமாகத் தங்குவதே சரி; காலையில் ஜந்தர் மந்தரும் அக்ரசேன் படிக்கிணறும் நடந்துபோகும் தூரம்தான். தனியாக வரும் பெண்களிடம் பழைய தில்லிச் சந்துகளின் அழகைப் பற்றிப் பேச எனக்கு வாய் எழவில்லை. நிஜாமுதீன் கிழக்கு, ஜங்புரா போன்ற குடியிருப்புகளில் வீட்டு மாடியை அறைகளாக்கி விடுபவர்கள் இருக்கிறார்கள், அவை மேல். வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் தமிழர்கள் ஒன்றை முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். அயல்நாட்டார் தங்கினால் விடுதிக்காரர் அதை வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். அந்தத் தொல்லை வேண்டாம் என்று சின்ன விடுதிகள் பல, பணம் கட்டிய பிறகுகூட, வாசலில் வைத்தே கையை விரித்துவிடும். இலங்கையிலிருந்து வருகிறவர்களுக்கு ஓர் ஆறுதல்: தொல்லியல் துறையின் நினைவுச்சின்னங்களில் சார்க் நாட்டுக் குடிமக்களுக்கு இந்தியருக்குரிய கட்டணமே. கடவுச்சீட்டைக் கையில் வைத்திருந்தால் போதும்.

புது தில்லி ரயில் நிலைய வாசலில், நீங்கள் பதிவு செய்த விடுதி மூடிவிட்டது என்றோ அந்தத் தெருவில் கலவரம் என்றோ அக்கறையோடு சொல்லுகிறவரை நம்ப வேண்டாம். விடுதிக்குத் தொலைபேசியில் நீங்களே பேசுங்கள். அவர் போட்டுக் கொடுக்கும் எண்ணில் அல்ல. பஹாட்கஞ்சில் அறை எடுப்பதானால் 'ஜன்னல் உண்டு' என்பதை மட்டும் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். ஜன்னல் எதைப் பார்த்துத் திறக்கிறது என்று கேளுங்கள். நடைபாதையைப் பார்த்தும், அடுத்த கட்டடத்தின் சுவரைப் பார்த்தும் திறக்கும் ஜன்னல்கள் அங்கே நிறைய. ஜனவரியில் போகிறவர்கள் குளிர்சாதனத்தைப் பற்றி விசாரிப்பதை விட்டுவிட்டு வெந்நீரையும் கம்பளியையும் பற்றி விசாரிக்கலாம். நான்கைந்து டிகிரிக்கு இறங்கும் இரவுகளில் சலவைக்கல் பதித்த அறை என்பது விளம்பரமல்ல, எச்சரிக்கை. அக்டோபர் இறுதியிலிருந்து காற்று கெட்டுப்போகிறது. ஆஸ்துமாக்காரர்கள் அந்த மாதங்களைத் தவிர்ப்பது நல்லது. பிப்ரவரி பாதியிலிருந்து மார்ச் முடிய, லோதி தோட்டத்தில் பூக்கள் இருக்கும் நாட்களில் போவதே உத்தமம்.

கிழமையும் முக்கியம். திங்களன்று செங்கோட்டை, தேசிய அருங்காட்சியகம், தாமரைக் கோவில், அக்ஷர்தாம் எல்லாமே மூடியிருக்கும். ஊர் சுற்ற வந்தவர்கள் அன்று எங்கே போவதென்று தெரியாமல் கடைத்தெருக்களில் அலைவார்கள். ஹுமாயூன் சமாதிக்கு வார விடுமுறை கிடையாது. வியாழன் காலை நிஜாமுதீனில் இறங்கி அன்றிரவே கவ்வாலி கேட்டு, திங்களன்று சமாதிகளையும் பக்கத்திலுள்ள சுந்தர் நர்சரியின் மரங்களையும் நிதானமாகப் பார்த்துவிட்டு, செவ்வாயன்று அதே நிலையத்தில் ரயில் ஏறுவது போலத் திட்டமிட்டால் ஆட்டோ செலவே பெரும்பாலும் மிச்சம்.